லேபிள் ஒட்டாத டப்பா

ஐந்தாவது டப்பாவையும் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது இல்ல" என்று தள்ளி வைத்தாள் வந்தவள். டீத்தூள் கடைக்காரிக்குச் சந்தேகம் தட்டியது. எதிர்க் கடைக்காரன் தன் சரக்கை வேவு பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறானோ?

வேவு பார்க்க வந்தவளே ஆனாலும் வெறுங்கையோடு அனுப்பினால் வியாபாரம் என்னாவது? "அக்கா, உங்களுக்கு என்ன வாசனைதான் வேணும்? சொன்னா எடுத்துத் தர்றேன்."

"அக்கான்னு உறவு கொண்டாடினா விலை குறையப் போகுதா? சரக்கைக் காட்டும்மா." வந்தவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பால் விடாத டீ. ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு வாசனை, அதுக்குப் பின்னாடி ஏதோ பூ. தினமும் அவர் வந்ததும் வாயில அடிக்குது. என் வீட்டுக்காரர் வெளியில அதைக் குடிச்சுப் பழகிட்டார். நான் போடுற டீ இப்போ அவர் வாய்க்கு ஏறலையாம்."

"எங்க குடிக்கிறாராம்?"

"ஆபீஸ் பக்கத்துல ஏதோ கடைங்கிறார். அந்தக் கடையைத் தேடி ஒரு மாசமா அலையுறேன். அதே டீ வீட்டுலயே கிடைச்சா மனுஷன் நேரத்தோட வந்து சேருவார்ல?"

கடைக்காரி சிரித்துவிட்டாள். புருஷனை வீட்டுக்கு இழுக்க டீத்தூள் தேடி அலைகிறவளிடம் என்ன வேவு இருக்க முடியும்?

ஆறாவது டப்பாவில் மல்லிகை. இல்லை. ஏழாவதில் ரோஜா இதழ். அதுவும் இல்லை. கடைசியில் கடைக்காரி கல்லாவுக்குக் கீழே குனிந்து, லேபிள் ஒட்டாத ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள்.

"இது விற்பனைக்கு இல்லக்கா. எங்க வீட்டுக்குன்னு நானே கலந்தது. இதுவரைக்கும் வெளியில ஒரு சிட்டிகை போனதில்ல."

விற்பனைக்கு இல்லை என்று சொல்லி எடுத்துக் காட்டும் சரக்குக்குத்தான் எந்தக் கடையிலும் விலை அதிகம். வந்தவளுக்கும் அது தெரியும். அலட்சியமாக மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றாள்.

"இதுதான்."

"அப்படிச் சொல்லுங்க! எல்லாரும் தோலோட நிறுத்திடுவாங்க. நான் எலுமிச்சம்பூவை நிழல்ல காயவச்சுச் சேர்க்கிறேன். நாக்குல முதல்ல புளிப்பு, அப்புறம் துவர்ப்பு. முழுங்கின பிறகுதான் பூ வாசனை மேல ஏறி வரும்." கடைக்காரிக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. "செரிமானத்துக்கு நல்லது. மனசு லேசாகும். எல்லாத்துக்கும் மேல, பிரஷர் இறங்கும்."

"பிரஷரா? டீ குடிச்சா இறங்குமா?"

"கண்ணால பார்த்ததைச் சொல்றேன். எங்க வீட்டுக்காரருக்கு நூத்தி எழுபது இருந்துச்சு. பாவம், ராத்திரி ஷிப்ட். ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாது. தினமும் சாயங்காலம் இதுல ஒரு கப் குடிச்சிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். மெஷின் வாங்கி வச்சு நானே பார்க்கிறேன், இப்போ நூத்தி முப்பது!"

"எவ்வளவு நாளா குடிக்கிறார்?"

"கல்யாணமான மறுவாரத்திலிருந்து. ரெண்டு வருஷமாச்சு." கடைக்காரி டப்பாவைத் தட்டிக் காட்டினாள். "மாத்திரைன்னு ஒண்ணு தொட்டதில்ல. எல்லாம் இந்த டீ செஞ்ச வேலை. உங்களுக்காக வேணும்னா நூறு கிராம் தர்றேன், சொல்லுங்க."

வந்தவள் விலை கேட்கவில்லை. டப்பாவின் மூடியை மெதுவாகத் திருகி மூடினாள். அதைக் கடைக்காரியின் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

"என்னக்கா, நம்பிக்கை வரலையா?"

"மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நான்தான் கொடுக்கிறேன், தங்கச்சி."