மூன்றாவது மாடி

"மாத்திரை அட்டை எல்லாம் காலி. வலி போயிடுச்சுன்னு வாராவாரம் எழுதியும் குடுத்திருக்கீங்க. ஆனா ரத்தத்துல மருந்து துளிகூட இல்லையே அங்கிள்!"

முழங்கால் வலிக்கான புது மருந்தை ஆராயும் டாக்டர் ஜ்யோத்ஸ்னா குழப்பத்தோடு ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"ஒரு மாத்திரைகூட வீணாக்கலம்மா" என்றார் டெல்லி மோதி பாக் குவார்ட்டர்ஸிலிருந்து வந்திருந்த தணிகாசலம்.

"ஒப்பிட்டுப் பாக்க வெறும் மாவு மாத்திரை வாங்கினவங்க லிஸ்ட்லயும் நீங்க இல்ல. அப்ப லேப்ல ரத்தத்தை மாத்திட்டாங்களா?"

கதவு திறந்தது. அவர் மனைவி கோமளவல்லி கண்ணாடியை நீட்டினாள்.

"கீழேயே மறந்துட்டு வந்துட்டீங்களே!"

"லிஃப்ட் ஓடலையே ஆன்ட்டி, மூணு மாடி ஏறியா வந்தீங்க? போன வருஷம் வீல்சேர்ல வந்தீங்க. சுகர் இருக்கு, ஆராய்ச்சியில சேக்க முடியாதுன்னு நான்தானே..."

டாக்டர் பாதியில் நிறுத்தித் தணிகாசலத்தைப் பார்த்தார்.

"எனக்கு லேசான வலிதாம்மா. இவளால எந்திரிக்கவே முடியல. அதான் நான் சேந்தேன். வாராவாரம் எழுதினதும் இவ வலியைத்தான்."

"ஹே பகவான்! சுகர் இருந்தா கிட்னியைப் பாதிக்கலாம்னுதானே சேக்கல!"

டாக்டர் ரத்தம் எடுக்கும் ஊசியைக் கையிலெடுத்தார். தணிகாசலம் வழக்கம்போல் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"உங்களுக்கில்ல அங்கிள். ஆன்ட்டி, நீங்க உக்காருங்க."