கரடிக்குட்டியின் பெர்மெஸ்ஸோ

“இந்த வருசம் இத்தாலியரும் வருகினமாம். படத்தைச் சத்தத்தோடைதான் போடுவினம். என்ரை மானம் போச்சு, செலஸ்ரீனா!”

கேக் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அல்பேட்டின் மனைவி நிமிர்ந்தாள். “என்னப்பா விசர்க்கதை கதைக்கிறியள்?”

இருபத்தாறு வருடங்களாக, நத்தாருக்கு முந்திய ஞாயிறு, இத்தாலியில், வியா மக்வேதா தெருவுக்குப் பின்னாலுள்ள தேவாலயப் பங்கு மண்டபத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதே பழைய இத்தாலியக் கார்ட்டூன் படம்தான். சத்தத்தை நிறுத்திவிட்டு, மைக்கில் அல்பேட் தமிழில் கதை சொல்வார். அவர் கதையில் பனிக்கரடிக்குட்டி ஒன்று நகரத்துக்கு வந்து வேலை தேடும். நாட்டில் தங்குவதற்கான அனுமதியான பெர்மெஸ்ஸோ கேட்டு விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கும். அது கிடைத்ததும் நத்தாருக்குத் தாயைக் கூப்பிடும். தாய்க்கரடி வந்து இறங்கும்போது மண்டபமே கைதட்டும்.

“தொடங்கேக்கை எனக்கு இத்தாலியன் ஒரு சொல்லும் தெரியாது. வாயிலை வந்ததைச் சொன்னன்,” என்றார் அல்பேட். “மொழி பிடிபட்ட பிறகு ஒருநாள் தனிய இருந்து சத்தத்தோடை பார்த்தன். குட்டி தேடினது விழுந்துபோன நட்சத்திரத்தையாம். கடைசியிலை வாறது தாயே இல்லை, பக்கத்து வீட்டுக் கரடி!”

“ஐயோ! அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“அதுக்கிடையிலை ஆறு நத்தார் போயிட்டுது. தாய்க்கரடி இல்லையெண்டால் பிள்ளையள் அழுவினம்.”

“இப்ப அந்தப் பிள்ளையளுக்கே பிள்ளையள். போய் உண்மையைச் சொல்லுங்கோ.”

மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசைகளில் இத்தாலியக் குடும்பங்கள். அல்பேட் மைக்கைப் பிடித்தார்.

“பிள்ளையள், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் சொன்னது இந்தப் படத்தின்ரை கதையே இல்லை. எல்லாம் என்ரை புளுகு.”

பின்வரிசைகளிலிருந்த தமிழரிடம் சிரிப்பு வெடித்தது. முதல் வருடம் ஐந்து வயதில் வந்த துசானி, மகளை இடுப்பில் வைத்தபடி மேடைக்கு வந்தாள்.

“அங்கிள், நாங்கள் இஞ்சை பிறந்த பிள்ளையள். இந்தப் படம் ஒவ்வொரு நத்தாருக்கும் ரீவியிலை போகுது. எங்களுக்கு முதல் வருசமே தெரியும்.”

“அப்ப ஏன் ஒருதரும் சொல்லேல்லை?”

“சொன்னால் நிப்பாட்டிப்போடுவியள் எண்ட பயம்தான்.”

அல்பேட்டுக்கு மூச்சு வந்தது. “சரி, இண்டைக்குச் சத்தத்தோடை போடட்டும். பாவம், இந்த இத்தாலியச் சனம் படம் பார்க்க வந்திருக்கு.”

துசானி இன்னொரு மைக்கை எடுத்தாள்.

“அவைக்கு இந்தப் படம் மனப்பாடம், அங்கிள். நாங்கள் சொல்லித்தான் உங்கடை கதையைக் கேக்க வந்தவை. நீங்கள் சொல்லுங்கோ, நான் இத்தாலியனிலை சொல்லுறன்.”