வாய்தான் முரடு

"இன்னைக்காவது அவளைக் காலி பண்ணச் சொல்றீங்களா, இல்ல நானே இறங்கிப் போகவா?"

மனைவி கேட்டதும் மேஸ்திரி சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

செங்கல் சுமந்து, சாந்து குழைத்து, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கிய வீடு. மாடியில் இவர்கள். கீழே தையல்காரியும் லாரி ஓட்டும் அவள் புருஷனும். வாடகைக்கு விட்டால் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடலாம் என்று எவன் சொன்னானோ, அவனுக்குச் சொந்த வீடு இருந்திருக்காது. குழாய் ஒழுகுது, கதவு ஒட்டுது, சுவர் ஊறுது என்று நித்தம் ஒரு பஞ்சாயத்து. இப்போது மருந்துக் கடைக்காரர் ஒருவர் கீழ்ப்பகுதி முழுவதையும் கேட்கிறார். வாடகையும் கூட, ரிப்பேரும் அவர் பொறுப்பாம்.

"மென்னு முழுங்காதீங்க. வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசிட்டு வாங்க."

"பேச எனக்கா சொல்லித் தர்றே?"

கீழே கதவு ஒருக்களித்திருந்தது. தையல்காரி போனில் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். தட்டுவதற்காகத் தூக்கிய கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு பூனை மாதிரி படியேறி வந்துவிட்டார்.

"சொல்லிட்டீங்களா?"

"ரென்ச்சு எங்க வச்சே?"

"எதுக்கு?"

"கீழ குழாய் ஒழுகுது."

"அது எப்பலேர்ந்தோ ஒழுகுது. இன்னைக்குத்தான் உங்க காதுல விழுந்துச்சா?"

 அவர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி இறங்கினார்.

அவரைப் பையோடு பார்த்ததும் தையல்காரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, நான் இந்த வாரம் ஒண்ணுமே கேக்கலையே?"

"நீ கேட்டாத்தான் செய்யணுமா? தள்ளு."

குழாய்க்கு வாஷர் மாற்றினார். ஊறிய சுவரைச் சுரண்டிப் பூசினார். கதவைக் கழற்றும்போது எழுந்த சத்தத்தில் உள்ளேயிருந்து ஒரு கர்ஜனை வந்தது.

"எவன்டி அது? ராத்திரி பூரா வண்டி ஓட்டிட்டு வந்தவன் தூங்கறதா வேணாமா?"

"கத்தாதீங்க. ஓனர் அண்ணன் வந்திருக்காரு."

லாரிக்காரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். கதவின் மறுமுனையைப் பிடித்தான். "இந்த வயசுல இதை ஒத்தையில தூக்கறீங்களே, இடுப்பு ஒடிஞ்சா யாரு பார்ப்பா? விடுங்க" என்று அதட்டி, முழுக் கதவையும் தானே சுமந்தான். மேஸ்திரி அடிப்பக்கத்தைச் சீவிக் கொடுத்தார்.

தையல்காரி டீ கொண்டுவந்தாள். "மருந்துக் கடைக்காரர் வந்து அளந்துட்டுப் போனதைப் பார்த்தேண்ணே. எங்களைக் கிளம்பச் சொல்லிடுவீங்களோன்னு சோறே இறங்கல."

"அவனுக்கு வேற இடம் கிடைக்கும். இது நீ இருக்கிற வீடு. இருக்கிற வரைக்கும் இரு."

அவள் கண் கலங்கியது. "இதுக்கு என்ன கைம்மாறு செய்யப் போறேன்?"

"அதை நான் சொல்லணும் தாயி" என்று முனகிவிட்டு அவர் பையைத் தூக்கினார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

மாடியில் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். "கடைக்காரர் போன் பண்ணினாரு. கீழேயிருந்தே அவருக்குப் போன் போட்டு இல்லேன்னுட்டீங்களாமே. நல்லாத்தானே இருந்தீங்க?"

மேஸ்திரி உட்கார்ந்தார். 

"சித்தாளுங்க எனக்கு வச்ச பேரே சிடுமூஞ்சி. எவன் வாயிலேர்ந்தும் எனக்கு ஒரு நல்ல வார்த்தை வந்ததில்ல. காலையில அவ போன்ல சொல்றா: 'எங்க வீட்டுக்காரருக்கு வாய்தாம்மா முரடு, மனசு வெள்ளை. அவர் நிழல்ல இருக்கிற வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்ல'ன்னு. வாடகைக் குடிசையில கிடந்த காலத்துல வீட்டுக்காரர்னு கேட்டாலே எனக்குக் குலை நடுங்கும். இப்ப அந்தப் பேரைச் சொல்லி என்னை ஒருத்தி வாழ்த்தறா. அவளைப் போய் நான் எப்படிக் காலி பண்ணச் சொல்வேன்?"

கீழே, "என் சட்டையை எங்கடி வச்சே?" என்று லாரிக்காரன் போட்ட கூச்சல் மாடி வரை வந்தது. பின்னாலேயே அவள் சிரிப்பும்.

மனைவி படிக்கட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த கை தானாக இறங்கியது. பக்கத்தில் வந்து, அவர் தோளில் ஒட்டியிருந்த சிமெண்டைத் தட்டிவிட்டாள்.

"உங்களை அவ ஓனர் அண்ணன்னுதானே சொல்லுவா? வீட்டுக்காரர்னு சொன்னா அது வேற ஆளுங்க" என்றவள், முந்தானையால் சிரிப்பை மறைத்துக்கொண்டு சொன்னாள்: "நானும் வெளியில போனா எங்க வீட்டுக்காரரைப் பத்தி அதையேதான் சொல்றேன், வாய்தான் முரடுன்னு."