விசை அழுத்திய பிறகு

"காலியான்னு பாருங்க" என்று துப்பாக்கியை என் பக்கம் சாய்த்தாள் என் மனைவி.

குண்டு போடும் குழிக்குள் குனிந்து பார்த்தேன். குண்டில்லாத வெறும் பயிற்சிதான். இருந்தாலும் இரண்டு பேர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய கோச் போட்ட விதி.

"காலி" என்றேன். 

இரண்டு மாதம் கழித்து இன்றுதான் ஏர் ரைஃபிளைப் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறாள். எடு என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால், தோல் வைத்துத் தைத்த அந்த முரட்டு ஜாக்கெட்டில் ஹாலில் நிற்கிறாள். பட்டன்கள் எல்லாம் பூட்டியிருந்தன.

சமையலறை வாசலிலிருந்து எதிர்ச்சுவர் சரியாக ஐந்து மீட்டர். போட்டியில் பத்து மீட்டர். அதனால் இலக்கின் கறுப்பு வட்டத்தைப் பாதியாகச் சுருக்கி, சட்டைப் பட்டன் அளவில் ஒட்டியிருக்கிறாள். அளந்து கொடுத்தவன் நான்தான். லிஃப்ட் மெக்கானிக்குக்குக் குறைந்தபட்சம் டேப் பிடிக்கவாவது தெரியும்.

"குறி தப்பாத பொண்ணு மாப்பிள்ளை, பாத்து நடந்துக்கங்க" என்று கல்யாணத்தன்று மாமனார் சொன்னதற்குச் சபையே சிரித்தது.

அவளுடைய இடது முழங்கை இடுப்பில் இடம் தேடி இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை ஊன்றிக்கொண்டது.

டக்.

விசை அழுத்தியதும் அசையக் கூடாது. கன்னத்தை எடுக்காமல் இரண்டு விநாடி அப்படியே நிற்க வேண்டும். அதுவும் கோச் சொன்னதுதான்.

அவள் நின்றாள். மனதுக்குள் எண்ணினேன். பத்து. இருபது.

பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

மறுபடி டக். இந்த முறை இன்னும் நீண்ட நேரம் நின்றாள். அருகில் போய்ப் பார்த்தேன். இலக்கைப் பார்க்கவேண்டிய கண் மூடியிருந்தது.

"ரெண்டு விநாடி போதும்னுதானே கோச் சொல்வாரு?" என்றேன்.

"சத்தம் கேட்டதும் வயித்துக்குள்ள உதைப்பா" என்றாள், கன்னத்தை எடுக்காமலே. "ஒரு தடவைகூடத் தவறினதில்ல. அதுக்குன்னே நின்னு நின்னு பழகிடுச்சு."

எனக்கு அது தெரியாது.

ஈயத் தூசி ஆகாது, பயிற்சி மைதானத்துக்குப் போகாதே என்று டாக்டர் சொன்ன பிறகு எல்லாமே இந்த ஹாலில்தான். காலையில் நான் குழிக்குள் பார்த்துச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன். சாயங்காலம் வந்து வயிற்றில் கை வைத்தால் ஓர் அசைவும் இருக்காது. "அப்பா கை பட்டா தூங்கிடறா" என்று கேலி செய்வாள். பெண் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

ஏழாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏதோ ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் தலையில் நின்று கேபிளுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "இன்னிக்கு அசையல" என்று மட்டும் சொன்னாள்.

அவ்வளவு உறுதியாக எப்படித் தெரிந்தது என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று எத்தனை முறை விசையை அழுத்திப் பார்த்திருப்பாள்?

மருத்துவமனையில் அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்கள். பார்த்தவன் நான் ஒருவன்தான். எப்படி இருந்தாள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டுவிடுவாளோ என்று பயந்து நானும் வாயைத் திறந்ததில்லை.

இப்போது ஏனோ சொல்லிவிட்டேன்.

"காலு நல்ல நீளம். அப்படியே உன்னை மாதிரி."

அவள் துப்பாக்கியை மெல்ல இறக்கினாள். சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி, இரண்டு மாதத்தில் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"இன்னும் சொல்லுங்க" என்றாள்.