சுருக்கமில்லாத குண்டு

அச்சைத் தட்டியதும் விழுந்த ஈயக்குண்டை இன்னாசி துணியால் எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். ஒரு சுருக்கம் இல்லை. அச்சு சூடேறுவதற்கு முன் ஊற்றியவையெல்லாம் வெயிலில் காய்ந்த நார்த்தங்காய்போலத்தான் விழுந்திருந்தன. இதை மட்டும் தட்டானிடம் வாங்கிய தராசில் வைத்தார். முள் நடுவில் நின்றது. தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல அதை மருந்து அடைத்த தோட்டாக் கூட்டுக்குள் இறக்கி மூடினார்.

அந்த நேரம் பார்த்து மனைவி தெரேசம்மாள் வாசலிலிருந்து கத்தினாள். "மரச்சீனிக்குள்ள பன்னி எறங்கியாச்சு. சுடுங்க!"

இன்னாசி அசையவில்லை. "இத எப்பிடிச் சுடுயது? இதுமாதிரி இனி ஒண்ணு விழுமா?"

"அப்ப சுருங்கினதப் போட்டுச் சுடுங்க."

"அது கோணலாப் போவும்."

தோட்டத்தில் மரச்சீனிக் கிழங்குச் செடி மூட்டோடு ஒடிகிற சத்தம் கேட்டது. தெரேசம்மாள் அவர் கையிலிருந்த தோட்டாவைப் பிடுங்கித் துப்பாக்கியில் போட்டுக்கொண்டு அந்தி வெளிச்சத்தில் இறங்கிப் போனாள். அந்த வீட்டில் குறி தப்பாமல் சுடுகிறவள் என்றைக்கும் அவள்தான்.

ஒரே வெடி. மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது.

அவள் வந்து துப்பாக்கியைச் சுவரில் சாய்க்கும்வரை இன்னாசி அடுப்படியை விட்டு எழவில்லை. பன்றி விழுந்ததா என்று கேட்கவும் இல்லை.

"எப்பிடிப் போச்சு?" என்றார்.

தெரேசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நூல் புடிச்ச மாதிரி."

இன்னாசி சிரித்துக்கொண்டே ஈயம் உருகும் அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினார்.