சண்டிக்கு வேற ஆள்

"பொம்பளைக் கைக்கு அந்த லகான் தாங்காது. குடு இங்க!" என்றார் பயிற்சியாளர். மகள் கையிலிருந்த நீலப் பந்தயச் சட்டையை வெடுக்கென்று பிடுங்கி, மீசை என்று எல்லோரும் கூப்பிடும் ஜாக்கியின் தோளில் போட்டார்.

மகளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பந்தயத்தில் சண்டிக் குதிரை மேல் நீதான் ஏறப்போகிறாய் என்று போன மாதம் வாக்குக் கொடுத்தவரும் இதே அப்பாதான்.

"இத்தனை வருஷமா தாங்கின கைதானே? இன்னிக்கு மட்டும் என்னப்பா வந்துச்சு?"

"காலையில ஓட்டிப் பழக்குறது வேற, பந்தயம் வேற. முப்பது வருஷமா நம்ம லாயத்துக்குக் கிடைக்காத கோப்பை இது. உன் ஆசைக்காக அதைக் கோட்டை விடமுடியாது. வாயாடாம நகரு."

மீசை வாய்க்குள்ளேயே சிரித்தான். அவன் எப்போதும் அப்படித்தான், நோகாமல் நோன்பு கும்பிடுகிற ஆள்.

பிறந்த அன்று எழுந்து நிற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்த பெண்குட்டி அந்தக் குதிரை. சண்டி என்று பெயர் வைத்து, புட்டிப்பால் கொடுத்து, தினமும் விடியலில் ஏறி ஓட்டிப் பழக்கியவள் மகள்தான். முதல் பந்தயத்தில் எல்லாக் குதிரைகளுக்கும் பின்னால் கிளம்பியும் சண்டி ஜெயித்தது. அப்புறம் சேற்றில் ஜெயித்தது, கூட்டத்துக்கு நடுவே அடைபட்டும் பிதுங்கி வந்து ஜெயித்தது. தோல்வி என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. ஆனால் பரிசு வாங்கிப் படத்தில் பல்லைக் காட்டியதெல்லாம் மீசை.

இன்றைக்கு ஓடிவிட்டால் சண்டிக்குப் பந்தயங்களிலிருந்தே ஓய்வு. அந்தக் கடைசி ஓட்டம் ஒன்றையாவது தனக்குக் கொடுங்கள் என்றுதான் மகள் கேட்டிருந்தாள்.

"சண்டியைப் பார்த்துட்டாவது போறேன். பந்தயத்துக்கு முன்னாடி அது அசையாம இருக்கணும்னு ரெண்டு நாளா கிட்டயே விடல நீங்க."

"இப்ப போய் அதோட மனசைக் கலைக்காதே. போ!"

போகிற போக்கில் லாயக் கதவுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மூட்டுவலி என்று கீழே விழுந்த செருப்பைக்கூடக் குனிந்து எடுக்காத அப்பா, வைக்கோலில் மண்டிபோட்டு, சண்டியின் முன்னங்காலுக்குத் தன் கையாலேயே பட்டை சுற்றிக்கொண்டிருந்தார்.

"பெத்த பொண்ணை ஊர் முன்னாடி அவமானப்படுத்திட்டு, குதிரைக்குச் சேவையாம் சேவை!" என்று பொருமிக்கொண்டே வேலியோரம் போய் நின்றாள்.

பந்தயம் தொடங்கியது. கடைசி வளைவில் சண்டிதான் முன்னால். மீசை சாட்டையை ஓங்கினான். சண்டி ஒருமுறை தலையைத் தூக்கிப்போட்டது. அடுத்த நொடி அத்தனை பெரிய உடம்பும் புல்லில் சரிந்தது. மீசை உருண்டு எழுந்து தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். சண்டி எழவில்லை.

மகள் வேலியைத் தாண்டி ஓடினாள். பட்டை சுற்றியிருந்த முன்னங்கால் முறிந்து தொங்கியது. கால்நடை மருத்துவர் ஒரே பார்வை பார்த்துவிட்டு, பச்சைத் திரையைக் கொண்டுவரச் சொன்னார். திரை கட்டினால் குதிரைக்குக் கடைசி ஊசி என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சண்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஓவென்று அழுதாள். அப்பா மூச்சிரைக்க வந்து நின்றதும் அழுகை அப்படியே ஆத்திரமானது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா? அந்தத் தடியனுக்குச் சாட்டை வீசறதைத் தவிர என்ன தெரியும்? அது கால் வைக்கிற விதத்துல ஒரு சின்ன மாத்தம் இருந்தாலும், ஏறி உட்கார்ந்ததுமே எனக்குத் தெரிஞ்சிடும்பா! அங்கேயே நிறுத்தி இறங்கியிருப்பேனே! என் சண்டி பொழைச்சிருக்குமே! என் மேல உங்களுக்கு ஏன்பா நம்பிக்கையே இல்லாம போச்சு?"

அப்பா தொப்பியைக் கழற்றினார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ நிறுத்திடுவன்னு தெரியும்மா. அதான் உன்னை ஏத்தல."