வலையில் ஓர் ஓட்டை

வோல்கா கரையிலிருக்கும் எங்கள் ஊர்க் கால்பந்து அணி, மாஸ்கோவிலிருந்து வந்த அணியை ஒரே ஒருமுறைதான் வென்றது. அன்று எங்கள் ஆட்டக்காரர் யெஃபிம் உதைத்த பந்து கோல் வலையைக் கிழித்துக்கொண்டு பனியில் போய் விழுந்தது. அதிலிருந்து, அந்த வெற்றியின் நினைவாக, புது வலை கட்டும்போதெல்லாம் கேப்டன் அதே இடத்தில் கத்தரித்து ஓர் ஓட்டை போடுவார். இன்று, வென்றால் முதல் பிரிவுக்கு உயர்வோம் என்ற ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், எங்கள் பந்து அந்த ஓட்டை வழியாகவே வெளியேறியது. பந்து கம்பத்துக்கு வெளியே போனதாக நினைத்த நடுவர் கோல் தர மறுத்துவிட்டார்.

“உள்ளே போய்த்தான்யா வெளியே வந்தது!” என்று கேப்டன் லுக்யான் எவ்வளவோ கத்திப் பார்த்தார்.

ஆட்டம் முடிந்தும் கூட்டம் கலையவில்லை. யெஃபிமின் மகள் வார்வாரா மைதானத்தில் இறங்கி வந்தாள். ஊசி நூலோடு வருகிறாள் என்று நினைத்து லுக்யான் தலைகுனிந்தார். அவள் நீட்டியது கத்தரிக்கோல்.

“கொஞ்சம் பெரிசாக்குங்க, கேப்டன். அடுத்த வருஷம் நடுவர் கண்ணுக்கும் தெரியட்டும்.”